ஒன்றரை பீரோவுக்குப் படிந்த சாட்சியம்

பதிவேட்டு அலுவலகத்தில் மூன்று பீரோக்கள் காணாமற்போன வழக்கு, உரிய காலத்தில், உரிய முறைப்படி, உரிய மனிதரைத் தவிர மற்றதெல்லாம் சரியாக அமைந்த நிலையில் பெரிய கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

உரியவர் அல்லாத அந்த மனிதர், பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கும் கடைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் பாதியார். எதிராளி எதைச் சொன்னாலும் அதைப் பாதிக்கு இறக்குவது அவருடைய தொழில் தர்மம். "பதினாறு வருஷம் படிக்கணும்னாங்க, எட்டுல முடிச்சேன்" என்று தன் கல்வியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் மூன்றரை நாளில் குணமாகிவிடுவார். கோபம் மட்டும் அவருக்கு முழுசாகவே வரும்.

நடந்தது இவ்வளவுதான். பதிவேட்டு அலுவலகத்தில் பழைய பீரோக்களைக் கழிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனார். மூன்று பீரோக்களைத் தட்டிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், துருவைச் சுரண்டிக் காட்டினார். பேரம் படியவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வாரம் தணிக்கைக்காரர்கள் வந்து எண்ணியபோது மூன்று பீரோக்கள் குறைந்தன. கடைசியாக அவற்றைத் தட்டிப் பார்த்தவர் யார் என்று விசாரித்தார்கள். அகப்பட்டார்.

ஒரு பீரோவுக்கு ஆறு மாதம் என்பது அந்தக் கோர்ட்டின் வழக்கமான கணக்கு. ஆக, பதினெட்டு மாதம். சிறைக்குப் போவதுகூட அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. அவருடைய மனைவி, கடைக்காரன் சொன்ன விலைக்கே சாமான் வாங்கிக்கொண்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்று வேறு சொல்லிவிட்டு வருகிற ரகம். பதினெட்டு மாதம் அந்த அம்மாள் கையில் கடை இருந்தால் கடை இருந்த இடத்தில் என்ன இருக்கும் என்று நினைக்கும்போதுதான் பாதியார் கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அரசுத் தரப்புக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. அன்றைக்கு அலுவலக வாசலில் நின்ற வாட்ச்மேன். சின்னக் கோர்ட்டில் முதல் விசாரணை நடந்தபோது அவர் சத்தியம் செய்து, "இவர் மூணு பீரோவைத் தூக்கிக்கிட்டுப் போனதைப் பார்த்தேன்" என்று சொல்லியிருந்தார். மேலிடத்தில் மூன்று குறைகிறது என்று சொன்ன பிறகு ஒரு வாட்ச்மேன் வேறு என்ன கணக்குச் சொல்வார்? பிறகு அவரை வேறொரு அலுவலகத்து வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய கோர்ட்டில் வந்து அதையே திரும்பச் சொல்லும்படி சம்மன் போயிற்று.

சம்மன் கொண்டுபோன கோர்ட் ஊழியரான அமீனாவை வாட்ச்மேன் வாசலிலேயே மறித்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"இங்க இருக்கிற வாட்ச்மேனை."

"அவர் இல்லை."

"நீங்கதானே வாட்ச்மேன்?"

"ஆமா."

"பின்னே இல்லைங்கிறீங்க?"

"பார்க்க முடியாதுன்னு அர்த்தம். மீட்டிங்ல இருக்கார்."

"யாரோட?"

"உங்களோடதான். எப்ப முடியும்னு சொல்ல முடியாது. நாளைக்கு வந்து பாருங்க."

முப்பது வருடமாக வாசலில் நின்று, வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமீனா மூன்று நாள் போனார், மூன்று நாளும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு கோர்ட்டுக்கு அறிக்கை எழுதினார்: 'சாட்சியை மூன்று முறை நேரில் சந்தித்தேன். மூன்று முறையும் தாம் இல்லை என்று தெளிவாகத் தெரிவித்தார்.'

நீதிபதி அதை இரண்டு தடவை படித்தார். "ஒருவர் இல்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார் இருக்க முடியும்? சாட்சி கிடைக்கவில்லை என்று இம்மன்றம் பதிவு செய்கிறது" என்றார்.

சாட்சி கிடைக்கவில்லை என்றால் சட்டம் கையைப் பிசைந்துகொண்டு நிற்காது. முன்பு வேறொரு கோர்ட்டில் அவர் சத்தியம் செய்து சொன்னதை எடுத்துவந்து, அவருக்குப் பதிலாக அதைக் கூண்டில் ஏற்றலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அன்றைக்கு அந்த ஆளைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைத்தான் பாதியாரின் வக்கீல் மலைபோல நம்பியிருந்தார். வக்கீல் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. சின்னக் கோர்ட்டில், "பேசுறதுக்கு எனக்கு ஆள் எதுக்கு?" என்று பாதியார் வக்கீலே வேண்டாம் என்றுவிட்டார். பெரிய கோர்ட்டுக்கு மட்டும் மனைவி தம்பியைக் கையோடு இழுத்துவந்து கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டிருந்தார். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து பழைய விசாரணைக் கட்டைப் புரட்டிய மச்சான், நாலாம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"அத்தான், வாட்ச்மேனைக் குறுக்கு விசாரணை பண்ணது யாரு?"

"நான்தான். நீ பார்த்திருக்கணும் மச்சான். மூணுன்னு ஒரே பிடியா நின்னான். ஒன்றரைக்கு இறக்கினேன்."

மச்சான் கட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நீங்க நிஜமா எத்தனை எடுத்தீங்க?"

"ஒண்ணும் எடுக்கலை. உனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒண்ணும் எடுக்கலைன்னு சொல்லியிருக்கலாமே."

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பாதியார் அவரைப் பார்த்தார். "ஏன்டா, நீயெல்லாம் எப்படிக் கோர்ட்டுல பேசுறே? அவன் மூணு சொல்றான். நான் எடுத்த எடுப்புல ஒண்ணுமில்லைன்னா என்ன அர்த்தம்? சும்மா குடுன்னு கேக்கிற மாதிரி. மதிப்பானா? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மூணுலயே உட்கார்ந்துடுவான். நான் ஒண்ணுன்னேன். அவன் ரெண்டேமுக்காலுக்கு வந்தான். அப்படி இப்படின்னு இழுத்து ஒன்றரையில முடிச்சோம். ரெண்டு பேருக்கும் திருப்தி. போகும்போது சிரிச்சுக்கிட்டே போனான்."

"பாதி பீரோவை எப்படிங்க தூக்கிட்டுப் போவாங்க?" என்று பக்கத்தில் இருந்த மனைவி கேட்டார்.

"அது அவன் கவலை."

"ஜெயிலுக்குப் போறது நீங்க."

"பதினெட்டு மாசத்தை ஒன்பது மாசமாக் குறைச்சிருக்கேன். இந்த வீட்டுல ஒருத்தர் பாராட்டணுமே."

உள்ளே கூப்பிட்டார்கள். மச்சான் எழுந்து, இல்லாத சாட்சியின் பழைய வாக்குமூலத்தை ஏற்கக்கூடாது, அன்று தன் கட்சிக்காரருக்கு வக்கீல் இல்லை, அவர் செய்ததைக் குறுக்கு விசாரணை என்று சொல்வதற்கில்லை என்று தொண்டை வற்றப் பேசினார். அரசு வக்கீல் புன்சிரிப்போடு எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, என் இருபது வருட அனுபவத்தில் ஒரு சாட்சியை நாற்பது நிமிடத்தில் சரிபாதியாகக் குறைத்த வேறொருவரை நான் கண்டதில்லை. இது வாய்ப்பு இல்லாமையா? மூன்று பீரோக்கள் என்ற கூற்று நெருப்பிலிட்டுப் புடம் போடப்பட்டு, மாசெல்லாம் நீங்கி, ஒன்றரையாக மின்னுகிறது. எதிரியே இணங்கிய எண்ணிக்கை இது."

"நல்லாப் பேசுறான்" என்று பாதியார் மச்சானிடம் முணுமுணுத்தார்.

"நம்மளுக்கு எதிரா அத்தான்."

"இருக்கட்டும். தொழில் தெரிஞ்சவன்."

வாக்குமூலம் ஏற்கப்பட்டது. இல்லாத சாட்சிக்குப் பதிலாக பெஞ்ச் கிளார்க் கூண்டில் ஏறினார். கேள்விகளைக் கேட்டவர் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் கோர்ட்டிலேயே இருப்பதால், அவர் பங்கை அவரே வாசிக்கட்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். பாதியாரின் கையில் ஒரு நகலைக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மூணா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணு வச்சுக்குங்க."

"கட்டாதுங்க. மூணுதான்" என்று கிளார்க் வாசித்தார்.

"காலையிலேர்ந்து உங்ககிட்ட வேற யாராவது இந்த அளவுக்குக் கேட்டாங்களா? ஒண்ணேகால்."

"உங்க முகத்துக்காக ரெண்டேமுக்கால்."

"பெரியவரே, உங்களுக்கும் நோகக்கூடாது, எனக்கும் நோகக்கூடாது. கடைசியா ஒரே பேச்சு, ஒன்றரை."

"பெருமூச்சு. சரி, உங்க இஷ்டம்."

நீதிபதி குறுக்கிட்டார். "பெருமூச்சு என்று வாசிக்கக் கூடாது. விட வேண்டும். சாட்சியின் மனநிலையை மன்றம் அறிய வேண்டாமா?"

கிளார்க் பெருமூச்சு விட்டார். பழக்கமில்லாததால் இரண்டாக வந்துவிட்டது. பதிவில் இருப்பது ஒன்றுதான் என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். இரண்டாவது கிளார்க்கின் சொந்தப் பெருமூச்சு, சாட்சியத்தில் சேராது என்று தீர்மானமாயிற்று.

இவ்வளவு நேரம் தன் சாமர்த்தியத்தைத் தானே வாசித்ததில் பாதியாருக்கு ரத்தம் சூடேறிவிட்டது. நகலை மடித்துப் பையில் வைத்தார். கூண்டின் பக்கம் சாய்ந்தார்.

"சரி தம்பி, அது அன்னிக்குப் பேசினது. இன்னிக்கு ஒண்ணுன்னு முடிச்சுக்கலாமா?"

"பேப்பர்ல அப்படி இல்லைங்க."

"பேப்பரை விடுங்க. நீங்க மனசு வச்சுச் சொல்லுங்க."

"நான் சாட்சி இல்லைங்க."

"சாட்சி எங்கே?"

"அவரும் இல்லைங்க. பேப்பர்தான் இருக்கு."

பாதியார் எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "ஓரம் கிழிஞ்சிருக்கு. மேல டீக்கறை வேற. இதுக்காவது ஒரு கால் குறைக்கக்கூடாதா?"

காகிதம் பதில் சொல்லவில்லை. அதற்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வரவில்லை, வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்களே என்ற அவசரமும் இல்லை. எத்தனை நாளானாலும் ஒன்றரை என்றே சொல்லிக்கொண்டு அங்கேயே இருக்கும். முப்பது வருட வியாபாரத்தில் இறங்கியே வராத ஒரு எதிராளியை அவர் அன்றுதான் சந்தித்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்போது நீதிபதிக்கு ஒரு சந்தேகம். மூன்றில் ஒன்றரை போனது என்றால் மிச்சம் ஒன்றரை அலுவலகத்தில் இருக்க வேண்டும் அல்லவா? அதிலும் ஒரு பீரோவில் எந்தப் பாதி மிச்சம், மேல் பாதியா, பக்கவாட்டுப் பாதியா? நேரில் பார்த்துவர ஒரு கோர்ட் கமிஷனரை அனுப்பினார். கமிஷனர் போனார், பார்த்தார், வெளிறிப்போய்த் திரும்பி வந்தார். அலுவலகத்தில் மூன்று பீரோக்களும் முழுசாக நின்றுகொண்டிருந்தன.

மச்சான் துள்ளி எழுந்தார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அலுவலகக் கண்காணிப்பாளரைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"காணாமற்போன பீரோக்கள் எங்கே இருக்கின்றன?" என்று மச்சான் கேட்டார்.

"என் நாற்காலிக்குப் பின்னாடி இருக்குங்க."

"அப்படியானால் அவை காணாமற்போகவில்லை."

"இல்லைங்க, காணாமற்போனதுதான். தணிக்கை அன்னிக்கு அதுக்கு முன்னாடி புது பீரோக்களை நிறுத்தி வச்சிருந்தோம், மறைச்சிடுச்சு. காணோம்னு எழுதிட்டாங்க. எழுதினது எழுதினதுதானே."

"கண்ணுக்குத் தெரிகிறதே. கிடைத்துவிட்டது என்று எழுத வேண்டியதுதானே?"

"அதுக்குத் தனிப் படிவம் இருக்குங்க. அந்தப் படிவம் அந்த பீரோவுக்குள்ளதான் இருக்கு. காணாமற்போன பீரோவைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"சாவி?"

"சாவி இருக்கு. சாவி காணாமற்போகலை."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிறுத்தி நிதானமாகத் தீர்ப்பைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒருபுறம், சத்தியத்தின்பேரில் அளிக்கப்பட்டு, எதிரியாலேயே நாற்பது நிமிடம் சோதிக்கப்பட்ட சாட்சியம். மறுபுறம், மூன்று பீரோக்கள். இந்த பீரோக்கள் சத்தியம் செய்யவில்லை. இவற்றைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அரசுத் தரப்புக்குக் கிடைக்கவில்லை. கேள்விக்கு உட்படாத மரச்சாமான், இரும்புச் சாமான் முதலியவற்றின் இருப்பை நம்பி, கேள்விக்கு உட்பட்ட மனிதரின் சொல்லைத் தள்ள இம்மன்றம் துணியாது. எதிரி ஒன்றரை பீரோக்களை எடுத்தார் என்று தீர்மானிக்கிறேன். அலுவலகத்தில் இருப்பு ஒன்றரையாக இருக்கும்படி கண்காணிப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும்."

கண்காணிப்பாளர் தலைவணங்கி, இரும்பு அறுக்கும் ஆளுக்குப் போன் செய்ய வெளியே போனார்.

தண்டனைக்கு முன்பு ஐந்து நிமிடம் இடைவேளை. மச்சான் பாதியாரின் சட்டையைப் பிடிக்காத குறை. "அத்தான், நீங்க வாயைத் திறந்துதான் இவ்வளவும். இனி ஒரு வார்த்தை பேசினீங்க, இந்தக் கோட்டைக் கழட்டி இங்கேயே வச்சுட்டுப் போயிடுவேன்."

"அவர் என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

மனைவி தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். "பேச்சு வந்தா இதைக் கடிச்சுக்குங்க. எனக்காக."

நீதிபதி வந்து அமர்ந்தார். "ஒன்பது மாதம் என்று மன்றம் கருதுகிறது. எதிரி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

பாதியாரின் நாக்கு நுனியில் 'நாலரை' வந்து நின்றது. கைக்குட்டையைக் கடித்தார். நீதிபதி காத்திருந்தார். அவருடைய தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. அதைப் பாதியார் பார்த்துவிட்டார். ஆயிரம் கடைகளில் பார்த்த தொண்டைக்குழி அது. சொன்னது அதிகமோ என்று சொன்னவனுக்கே தோன்றும்போது அப்படித்தான் ஏறி இறங்கும்.

"முதல் குற்றம் என்பதால் ஏழு மாதம் என்றும் கொள்ளலாம்" என்றார் நீதிபதி.

பாதியார் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தார்.

"வயதையும் கருத்தில் கொண்டால், ஐந்து."

பாதியார் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். யாருக்கும் பதில் சொல்வதுபோல இல்லை. தனக்குத்தானே வருத்தப்படுவதுபோல.

"அந்த அரை பீரோ இன்னும் அறுக்கப்படவில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். மூன்று மாதம்."

அரசு வக்கீல் பதறி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, அதற்குக் கீழே போனால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

அப்போதுதான் பாதியார் அதைச் செய்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார், நகலை எடுத்து மேசைமேல் வைத்தார், திரும்பி வாசலை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூட வழிவிட்டார்.

"கூப்பிடுங்கள் அவரை" என்றார் நீதிபதி. குரலில் களைப்பு. "இன்று கோர்ட் கலையும் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் கடைசி."

பாதியார் திரும்பி வந்தார். அரை மனதோடு தலையசைத்துவிட்டு, கடைசி வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இருபது நிமிடத்தில் கோர்ட் கலைந்தது.

வெளியே வந்தபோது அவர் நடையே மாறிப்போயிருந்தது. "பதினெட்டு மாசம் சொன்னாங்க. இருபது நிமிஷத்துல முடிச்சேன். பாதியில பாதி, அதுலயும் பாதி. இந்தக் கட்டடம் கட்டினதிலேர்ந்து யாராவது செஞ்சிருப்பாங்களா, நீயே சொல்லு மச்சான்."

மச்சானும் பெருமையாகத் தலையாட்டினார். தன் பெயரும் பேப்பரில் வரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மனைவி மட்டும் படியில் நின்றுவிட்டார். "ஏங்க, நீங்க ஒண்ணுமே எடுக்கலையே. இப்ப திருடன்னு எழுதி வச்சிருக்காங்களே."

"அது வேற விஷயம்" என்றார் பாதியார். ஆனாலும் அடுத்த படிக்கு வைத்த கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

அதற்குள் வராந்தாவில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருடைய கையிலும் ஒரு கட்டுக் காகிதம். முன்னால் நின்ற தையற்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எனக்கு ரெண்டு வருஷம் சொல்றாங்க. சம்பவம் நடந்த அன்னிக்கு நான் ஊர்லயே இல்லைண்ணே. பஸ் டிக்கெட்டுகூட இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

பாதியார் அந்த டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கவலை படர்ந்தது. தையற்காரரைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஊர்ல இல்லைங்கிறதை உள்ளே யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லலைண்ணே."

"நல்ல வேளை. சொல்லிடாதீங்க. பேரம் கெட்டுப்போயிடும்."